யாழினிக்கு எத்தனை ‘ஏ’? ஒரு பெண் குழந்தையின் ஆங்கில ஸ்பெல்லிங் முடிவான விதம்: நிகழ்வு ஆய்வு

ஆங்கில எழுத்துகள் இங்கே அவற்றின் ஒலிப்பெயராலேயே தரப்பட்டுள்ளன. குழந்தையின் பெயர் பரவலாக வைக்கப்படுவது என்பதால் அப்படியே உள்ளது. குடும்பத்தினர் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி

குழந்தை 2024 இல் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிறந்தது. தந்தை மென்பொருள் நிறுவன ஊழியர். உடன் வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் ஹைதராபாத், புனே பக்கம். தாய் கல்லூரி ஆசிரியர். தாயின் அக்கா யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றில் மணமாகி டொரொண்டோவில் வசிக்கிறார். குழந்தைக்கு ஒரு வயது நிறைவதற்குள் அங்கே போய்வருவது என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். பெயர் விஷயத்தில் அவசரம் வந்தது அந்தப் பயணத்தால்தான்.

பிறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனைப் பிரசவம் என்றால் தகவலை மருத்துவமனையே அனுப்பிவிடும். அப்போது குழந்தையின் பெயர் தேவையில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுச் சான்றிதழ் வாங்கலாம். தமிழ்நாட்டில் 12 மாதங்களுக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை ஏறிய பெயரை விருப்பத்துக்கு மாற்ற முடியாது. எழுத்துப்பிழை என்று ஆதாரத்துடன் காட்ட முடிந்தால்தான் திருத்தம். இந்தக் குடும்பமும் கட்டத்தைக் காலியாகவே விட்டிருந்தது. அது நல்லதாகப் போயிற்று.

முன்பெல்லாம் இவ்வளவு யோசிக்கத் தேவை இருக்கவில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பள்ளியில் ஒன்று, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வேறொன்று என்று இருந்தாலும், கடைசியில் மதிப்பெண் சான்றிதழில் இருப்பதே நின்றது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்துக்கு 2023 இல் வந்த திருத்தம் அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதியிலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே சான்று. 2025 இல் பாஸ்போர்ட் விதிகளும் அதே வழிக்கு வந்துவிட்டன. ஆக, பதிவேட்டில் ஏறும் ஸ்பெல்லிங்தான் மற்ற எல்லாவற்றுக்கும் மூலம்.

நான்கு வடிவங்கள்

‘யாழினி’ என்ற பெயரில் யாருக்கும் மாறுபாடு இல்லை. பெயர் சூட்டு நாளில் முடிந்துபோன விஷயம். அன்று மாலையே ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்ற பேச்சு தொடங்கியது.

தந்தை எழுதியது ஒய்-ஏ-இசட்-ஹெச்-ஐ-என்-ஐ. ஏழு எழுத்து. தாய் அதில் ஏ-யை இரட்டித்து எட்டாக்கினார். கைப்பேசியில் ஒலிப்பெயர்ப்பு முறையில் தமிழ் தட்டச்சு செய்பவர்களுக்கு இது இயல்பாக வரும். ஒரே ஏ போட்டால் ‘யழினி’ என்று குறிலாகத்தான் விழும். பெரியம்மா டொரொண்டோவிலிருந்து சொன்னது ஒய்-ஏ-எல்-ஐ-என்-ஐ. கணவர் வீட்டாரிடம் அந்த வழக்குதான். நான்காவது, தந்தை வழித் தாத்தா ஒரு எண்கணித ஜோதிடரிடம் எழுதி வாங்கி வந்தது: ஏ-யும் இரட்டை, கடைசி ஐ-யும் இரட்டை, மொத்தம் ஒன்பது எழுத்து.

நால்வருமே பழக்கத்தைத்தான் காரணமாகச் சொன்னார்கள். எது அழகு என்ற பேச்சு முடிவில்லாமல் சுற்றியது. பிறகு கேள்வியை மாற்றிக்கொண்டார்கள். இந்தப் பெயரைக் காதால் கேட்பவர் என்ன எழுதுவார், எழுத்தில் பார்ப்பவர் என்ன சொல்வார், ஆங்கிலத்தில் பார்த்து மீண்டும் தமிழில் எழுதுபவர் கையில் என்ன ஆகும்?

கவனித்தவை

முதலில் கேட்டு எழுதவைத்தார்கள். மருந்துக்கடை, வங்கி, கூரியர் அலுவலகம், உறவினர் என்று தெரிந்த இடங்களில் பெயரை வாயால் சொல்லி ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார்கள். திருச்சியில் பெரும்பாலோர் இசட்-ஹெச் போட்டு, ஒரே ஏ-யுடன் எழுதினார்கள். கொஞ்சம் வயதானவர்கள் எல் போட்டார்கள். தாமாக ஏ-யை இரட்டித்தவர்கள் அண்மையில் தங்கள் வீட்டுக் குழந்தைக்குப் பெயர் வைத்தவர்கள்தாம். கடைசி ஐ-யை ஒருவர்கூட இரட்டிக்கவில்லை. ஓரிருவர் அந்த இடத்தில் இரட்டை ஈ போட்டார்கள். தாத்தாவின் கணக்குக்கு அதுவும் பொருந்தாது.

அடுத்து, படிக்கவைத்தார்கள். நான்கு வடிவங்களையும் தனித்தனிச் சீட்டில் எழுதி, தமிழ் தெரியாதவர்களிடம் காட்டினார்கள். தந்தையின் வடநாட்டு நண்பர்கள் இசட்-ஹெச் வடிவத்தை ‘யாஜினி’ என்றார்கள். கனிமொழி என்ற பெயர் இந்திச் செய்திகளில் படும் பாட்டைக் கேட்டவர்களுக்கு இது புதிதில்லை. டொரொண்டோவில் சீனப் பெயர்களைப் பார்த்துப் பழகியவர்களும் அதே ஜகரத்துக்குத்தான் வந்தார்கள். எல் வடிவத்தை எல்லோரும் ‘யலினி’, ‘யாலினி’ என்று ஏறக்குறைய சரியாகச் சொன்னார்கள். பெரியம்மா தொலைபேசியில் சொன்னதில் நியாயம் இருந்தது: “இங்க வந்து பாரு. இசட்-ஹெச் போட்டா பிள்ளையைக் கூப்பிடுறதே வேற பேரா இருக்கும்.”

மூன்றாவது சோதனைதான் முடிவைத் தீர்மானித்தது; பொதுவாக யாரும் செய்யாததும் அதுவே. ஆங்கில வடிவத்தை மட்டும், குழந்தையைப் பற்றி எதுவும் தெரியாத தட்டச்சர்களிடம் கொடுத்துத் தமிழில் அடிக்கச் சொன்னார்கள். எல் வடிவம் யாலினி என்றும் யாளினி என்றும் திரும்பி வந்தது. சிலர் மட்டும் ஊகித்து யாழினி என்று அடித்தார்கள். ஓர் எல்லுக்குள் ல, ள, ழ மூன்றும் இருப்பதால் இது தவிர்க்க முடியாதது. இசட்-ஹெச் வடிவம் எவரிடமும் ழகரத்தை இழக்கவில்லை. ஒரே ஏ இருந்தபோதும் மனிதர்கள் ‘யா’ என்றே அடித்தார்கள், ‘யழினி’ என்று ஒரு பெயர் இல்லையென்று அவர்களுக்குத் தெரியும். மென்பொருளுக்குத் தெரியாது, அது சில முறை குறிலாக்கியது. இந்தக் குறிப்பு பின்னால் பயன்பட்டது.

ழகரத்துக்கு இரு வழக்கு

எல் சரியா இசட்-ஹெச் சரியா என்று வாதாடுவதில் பயனில்லை. இரண்டுக்கும் நீண்ட வழக்கு உண்டு. அறிஞர் நூல்களில் எல்லுக்கு அடியில் கோடு போட்டு ழகரத்தைக் காட்டுவார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி செய்தது அப்படித்தான். அடிக்கோடு எந்த அரசுப் படிவத்திலும் நிற்காது. கோடு போனால் மிஞ்சுவது வெறும் எல். இலங்கையில் அந்த எல்லே நிலைத்தது: வாழைச்சேனையின் ழகரம் அங்கே ஆங்கிலத்தில் எல். தமிழ்நாட்டிலும் கீழ்ப்பாக்கம், சோழிங்கநல்லூர், ஏன், ‘தமிழ்’ என்ற சொல்லே எல்லில்தான் இருக்கின்றன. ஆனால் ஆள்பெயர்களில், குறிப்பாகத் தூய தமிழ்ப் பெயர்களில், இசட்-ஹெச் வேரூன்றிவிட்டது. எழிலரசி, கனிமொழி, மகிழன் எல்லாம் அப்படித்தான். கீழடி இரண்டு விதமாகவும் அச்சாகிறது.

ஒலிக்கு நெருக்கமாக எழுத வேண்டும் என்று எழுத்துகளைக் கூட்டிக்கொண்டே போனால் எங்கே நிற்கும் என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில ஸ்பெல்லிங்கைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. கோயம்புத்தூர் போன்ற பெயர்கள் புதிய வடிவத்தில் கேலிக்கு உள்ளாயின; சில நாள்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஊர்ப்பெயருக்காவது அரசு இருக்கிறது. ஆள்பெயரை ஒவ்வொரு கவுன்ட்டரிலும் ஒருவரே எழுத்தெழுத்தாகச் சொல்லியாக வேண்டும்.

எண்கணிதக் கணக்கு

இதைக் குடும்பம் ஒதுக்கித் தள்ளவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டது. தாத்தா நம்பிய அட்டவணையில் ஏ, ஐ, ஒய் ஆகியவற்றுக்கு 1, எல், எஸ் இரண்டுக்கும் 3, ஹெச், என் இரண்டுக்கும் 5, இசட்டுக்கு 7. அதில் எந்த எழுத்துக்கும் 9 கிடையாது.

குழந்தை பிறந்தது 14 ஆம் தேதி, கூட்டினால் 5. பெயரும் 5 வர வேண்டும் என்பது ஜோதிடர் சொன்னது. தந்தையின் ஏழெழுத்து வடிவம் 21, கூட்டினால் 3. அதில் ஓர் ஏ-யும் ஓர் ஐ-யும் சேர்த்தால் 23, கூட்டினால் 5. இரட்டை ஏ, இரட்டை ஐ வந்த வழி அதுதான். தாயின் எட்டெழுத்து வடிவம் 22, அதாவது 4. தாத்தாவுக்கு அது எடுத்த எடுப்பிலேயே ஆகவில்லை.

ஆனால் அந்தக் கணக்கில் முன்னெழுத்து சேரவில்லை. தந்தையின் பெயர் ‘செ’ என்று தொடங்குவது, ஆங்கிலத்தில் எஸ். அதைச் சேர்த்தால் 23 என்பது 26 ஆகிறது, கூட்டினால் 8. தாத்தா விலக்க நினைத்த எண்ணே அது. “எட்டுல வரக் கூடாதுப்பா” என்று மகனிடம் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். மகன் எதிர்த்துப் பேசவில்லை. காகிதத்தில் முன்னெழுத்துடன் ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை எழுதிக் காட்டினார். பாஸ்போர்ட்டில் முன்னெழுத்தே இருக்காது, தந்தையின் முழுப்பெயர் வரும், அப்போது கூட்டுத்தொகை மொத்தமாக வேறு என்பதையும் சொன்னார். அட்டவணையை மாற்றினாலும் எண் மாறும்: ஏ-யிலிருந்து வரிசையாக 1 முதல் 9 வரை கொடுத்துக்கொண்டே போகும் இன்னொரு முறையில் அதே ஏழெழுத்து 47.

இறுதியில் தாத்தாவே ஒரு வழி சொன்னார். முன்னெழுத்துடன் ஏழெழுத்து வடிவம் 24. அவர் கையிலிருந்த புத்தகம் 24-ஐ நல்ல எண் என்றது. 5 இல்லாவிட்டாலும் 8 இல்லை. அவர் அதற்கு ஒப்புக்கொண்டார். ‘இதெல்லாம் மூடநம்பிக்கை’ என்று தொடங்கியிருந்தால் பேச்சு அங்கேயே முறிந்திருக்கும்.

தந்தையின் பெயரில் ஓர் இடைவெளி

ழகரத்தைப் பற்றி வீடே விவாதித்துக்கொண்டிருந்தபோது உண்மையான பிழை வேறு இடத்தில் இருந்தது. பெயர் சேர்க்கும் படிவத்தை நிரப்பப் பெயரில்லாச் சான்றிதழை எடுத்துப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது.

தந்தையின் பெயர் கூட்டுப்பெயர். செந்தில்குமார் போன்றது என்று வைத்துக்கொள்வோம். ஆதார், பான், பாஸ்போர்ட் மூன்றிலும் அது ஆங்கிலத்தில் ஒரே சொல். பிறப்புச் சான்றிதழிலோ நடுவே இடைவெளி விட்டு இரண்டு சொல். தாயின் ஆவணங்களில் முன்னெழுத்து அவருடைய அப்பாவுடையது, சான்றிதழில் கணவருடையது. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. பிரசவத்துக்குச் சேர்த்த இரவில் மருத்துவமனைப் படிவத்தை நிரப்பியவர் குழந்தையின் தாய்மாமன். வீட்டில் அழைப்பது போலவே எழுதிக் கொடுத்துவிட்டார்.

இடைவெளி சிறியதாகத் தோன்றும். ஆனால் தமிழ்நாட்டுக் குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது தந்தையின் பெயரே குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஏறுகிறது. முன்னெழுத்தை அங்கே ஏற்பதில்லை. விரித்துத்தான் எழுத வேண்டும். குடும்பப் பெயரைக் காலியாக விடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் வரும் சுற்றுலாப் பயணிகளைத் தடுக்கத் தொடங்கியபோது அதன் விலை பலருக்குத் தெரிந்தது. எனவே குழந்தையின் குடும்பப் பெயர் தந்தையின் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, ஒட்டியோ பிரித்தோ, எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். சான்றிதழில் இரண்டு சொல்லாக விட்டுவைத்தால் பாஸ்போர்ட் அலுவலகத்தில் ஒரு கேள்வி, விசா விண்ணப்பத்தில் இன்னொரு கேள்வி என்று தொடரும்.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15 ஆம் பிரிவு இத்தகைய எழுத்துப் பிழைகளைத் திருத்த இடம் தருகிறது. பதிவாளர் மூலப் பதிவை அழிக்க மாட்டார். ஓரத்தில் திருத்தம் எழுதிக் கையெழுத்தும் தேதியும் இடுவார். குடும்பம் கொடுத்தவை: விண்ணப்பக் கடிதம், பிழை தங்கள் சேர்க்கைப் படிவத்திலிருந்து வந்தது என்ற மருத்துவமனைக் கடிதம், பெற்றோர் இருவரின் ஆதார், பாஸ்போர்ட் நகல்கள். மருத்துவமனைக் கடிதம் வாங்கத்தான் நாளாயிற்று. பழைய படிவத்தைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

முடிவும் காரணமும்

பதிவேட்டில் ஏறியது ஒய்-ஏ-இசட்-ஹெச்-ஐ-என்-ஐ. தமிழில் ‘யாழினி’, முன்னெழுத்து ‘செ.’

எல் வடிவத்தை விட்டதற்குக் காரணம் உச்சரிப்பு அல்ல. உச்சரிப்பில் வெளிநாட்டில் அதுதான் முந்தியது. ஆனால் இந்தக் குழந்தை அடுத்த பல ஆண்டுகள் நிற்கப் போகும் கவுன்ட்டர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அவற்றில் ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் தட்டச்சு செய்வது அன்றாட வேலை. தமிழ்ப் பெயர் யாலினியாக மாறிவிட்டால் அதைத் திருத்துவது, ‘யாஜினி’ என்று கூப்பிடும் ஆசிரியரைத் திருத்துவதைவிடக் கடினம். ஆசிரியரை ஒரு வாரத்தில் பழக்கிவிடலாம். அச்சான சான்றிதழுக்கு அலைய வேண்டும். இந்தக் குடும்பம் டொரொண்டோவில் குடியிருந்திருந்தால் அதே காரணப்படி எல்லே சரியான முடிவாக இருந்திருக்கும். அங்கே தமிழில் திரும்ப எழுதும் கவுன்ட்டர் இல்லை.

இரட்டை ஏ விஷயம் இவ்வளவு தெளிவாக இல்லை. நெடிலைக் காட்டுவதில் தாயின் வடிவமே நேர்மையானது. அதை எதிர்த்து நின்றது ஒன்றுதான்: காதால் கேட்டவர்கள் அப்படி எழுதவில்லை. ஒவ்வொரு முறையும் ‘ரெண்டு ஏ’ என்று சொல்ல வேண்டியிருக்கும். மறந்த இடத்தில் வேறுபட்ட ஆவணம் ஒன்று பிறக்கும். ஏற்கெனவே இசட்-ஹெச் என்று ஒன்றைச் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது, இரண்டு வேண்டாம் என்று தாயே விட்டுக்கொடுத்தார். வேறொரு குடும்பம் இரட்டை ஏ-யை எடுத்துக்கொண்டு அதில் உறுதியாக நின்றால் அதிலும் தவறில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒற்றை, ஆதாரில் இரட்டை என்று ஆவதுதான் தொல்லை.

அரசிதழில் பின்னால் மாற்றிக்கொள்ளலாமே என்ற யோசனையும் வந்தது. அரசிதழ் அறிவிப்பு பழைய பெயரும் புதிய பெயரும் ஒருவரே என்பதற்குச் சான்று; பிறப்புப் பதிவேட்டை அது மாற்றாது. வாழ்நாள் முழுவதும் இரண்டு தாள்களைச் சேர்த்துக் காட்ட வேண்டியிருக்கும். அதனால் அந்த வழியை நம்பி எதையும் தீர்மானிக்கவில்லை.

பதிவு செய்த விதம்

வரிசை முக்கியம். முதலில் பெற்றோர் பெயர்த் திருத்தம், அது முடிந்து புதிய சான்றிதழைச் சரிபார்த்த பிறகே குழந்தையின் பெயர் சேர்ப்பு. இரண்டையும் ஒரே நாளில் கொடுத்தால் ஒன்று நிலுவையில் இருக்க மற்றொன்று பழைய பெற்றோர் பெயருடன் அச்சாகி வரும் வாய்ப்பு உண்டு.

மாநகராட்சிப் பகுதி என்பதால் சுகாதாரப் பிரிவில் விண்ணப்பம். படிவத்துடன் ஒரு தனிச் சீட்டையும் இணைத்தார்கள்: தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், தந்தை, தாய் பெயர்கள், எல்லாம் கணினியில் அச்சிட்டது. கையால் எழுதும்போது இசட் என்பது 2 போல விழும். அச்சிட முடியாத இடத்தில் இசட்டின் நடுவே ஒரு குறுக்குக் கோடு போட்டார்கள். பெரிய எழுத்தில் மட்டுமே எழுதினார்கள்; சிறிய எல்லும் பெரிய ஐ-யும் பல எழுத்துருக்களில் ஒன்றுபோலத் தெரியும். அச்சிடும் முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி, ஒருவர் ஆங்கிலத்தையும் மற்றவர் தமிழையும் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தார்கள்.

அதன் பின் நடந்தது

பெயருடன் சான்றிதழ் வந்ததும் குழந்தைக்கு ஆதார். 5 வயதுக்குள் கைரேகை, கருவிழி எடுப்பதில்லை. பெற்றோர் ஒருவரின் ஆதாருடன் இணைத்து நீல நிற அட்டை தருவார்கள். ஆங்கிலப் பெயரைத் தட்டியதும் தமிழ்க் கட்டத்தில் மென்பொருள் தானாக ‘யழினி’ என்று போட்டது. சோதனையில் கண்டது அப்படியே நடந்தது. தாய் அதை எதிர்பார்த்திருந்தார். ஆபரேட்டர் ஆங்கிலம் சரிதானே என்று அடுத்த பக்கத்துக்குப் போக இருந்தார்; தாய் அவரை நிறுத்தித் தமிழ்க் கட்டத்தைக் கையால் திருத்தச் சொன்னார். அதே நேரத்தில் திருத்த அரை நிமிடம். அட்டை வந்த பிறகு என்றால் அது ஒரு பெயர்த் திருத்தம். ஆதாரில் பெயரை மாற்ற வாழ்நாளில் இரண்டு முறைதான் அனுமதி. அதில் ஒன்றை மென்பொருளின் குறிலுக்காகச் செலவழிக்க வேண்டியதில்லை.

பாஸ்போர்ட்டில் ‘கொடுக்கப்பட்ட பெயர்’ கட்டத்தில் ஏழெழுத்தும், குடும்பப் பெயரில் தந்தையின் பெயர் ஒரே சொல்லாகவும் ஏறின. பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட இணைப்பு டி உறுதிமொழி, இருவரின் பாஸ்போர்ட் நகல், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ். கேள்வி எதுவும் எழவில்லை. சிறாருக்கான பாஸ்போர்ட் 5 ஆண்டுக்குத்தான் செல்லும் என்பதால் அடுத்த புதுப்பித்தலிலும் இதே எழுத்துகள் வந்தாக வேண்டும்.

ஒரு சறுக்கல் பயணச்சீட்டில் நடந்தது. டொரொண்டோவிலிருந்து பெரியம்மா பதிவு செய்தார். பழக்கத்தில் எல் போட்டுவிட்டார். சீட்டிலுள்ள பெயர் பாஸ்போர்ட்டுடன் பொருந்தாவிட்டால் விமான நிறுவனம் ஏற்ற மறுக்கலாம். இரண்டாம் நாளே கவனித்து முகவர் மூலம் திருத்தினார்கள், கட்டணத்துடன். பாஸ்போர்ட்டின் முதல் பக்கப் படத்தை அனுப்பிவிட்டு, அதைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள் என்று சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது.

டொரொண்டோவில் எதிர்பார்த்தபடியே ‘யாஜினி’ என்றார்கள். பெரியம்மா திருத்தினார். குழந்தைகள் காப்பகப் பதிவில் பெயரைக் கேட்டபோது சட்டப்பூர்வப் பெயர், அழைக்கும் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. இரண்டாவதில் எல் வடிவத்தை எழுதினார்கள். பெரியம்மாவுக்கும் திருப்தி, ஆவணத்துக்கும் சேதமில்லை.

மாற்ற வேண்டியவை

பெற்றோர் பெயர்களைப் பிரசவத்துக்கு முன்பே ஒழுங்கு செய்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்) வாங்கும் கட்டத்திலேயே தாயின் பெயர் பதிவாகிவிடுகிறது. அப்போதே கணவன் மனைவி இருவரின் ஆதார், பாஸ்போர்ட்டை அருகருகே வைத்து, இடைவெளி, முன்னெழுத்து முன்னா பின்னா, யாருடைய முன்னெழுத்து என்று பார்த்து, வேறுபாடு இருந்தால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும். பிறகு அச்சிட்ட சீட்டு ஒன்று மருத்துவமனைப் பையில் இருக்க வேண்டும். சேர்க்கைப் படிவத்தை யார் நிரப்பினாலும் அதைப் பார்த்து எழுதட்டும்.

முன்னெழுத்தைப் பற்றியும் முன்பே பேசியிருக்கலாம். தமிழில் ‘செ.’, ஆங்கிலத்தில் எஸ் என்று இரண்டும் எழுதப்படும் நிலையில், அரசு ஆவணங்களில் முன்னெழுத்தையும் தமிழில் எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021 இல் வலியுறுத்திய பிறகு பள்ளிகள் அதைக் கேட்கின்றன. தாயின் முன்னெழுத்தையும் சேர்க்கலாமா என்று இந்தக் குடும்பத்தில் எழுந்த கேள்வி, அவசரத்தில் பேசப்படாமலேயே போயிற்று. பதிவு முடிந்த பிறகு அதற்கு வழியில்லை.

மூன்றாவது சோதனையை முதலிலேயே செய்திருந்தால் விவாதம் பாதியாகக் குறைந்திருக்கும். ழ, ள, ல மூன்றும், ண, ந, ன மூன்றும், நெடில் குறில் வேறுபாடும் உள்ள பெயர்களுக்கு இது பொருந்தும்: வெண்ணிலா, வளர்மதி, நிலானி, மகிழினி. ஆங்கில வடிவத்தை மட்டும் தெரியாத நான்கைந்து பேரிடம் கொடுத்துத் தமிழில் எழுதச் சொன்னால் போதும்.

பள்ளியில் சேர்க்கும்போது எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் தரவுத்தளத்தில் ஏறும் பெயரை ஆதாருடன் ஒப்பிட்டு அன்றே பார்க்க வேண்டும். 5 வயதில் ஆதாரில் கைரேகை சேர்க்கும்போது தமிழ்க் கட்டத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டும். அந்த இரண்டு நாள்களுக்காகத் தந்தை பழைய அச்சிட்ட சீட்டை ஆதார் அட்டையின் உறைக்குள்ளேயே வைத்திருக்கிறார்.